மாமாவின் கையில் அறாத கோடு

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது எழும் மணம் இன்றும் எனக்குள் ஒரு சின்னப் பதற்றத்தைக் கிளப்பிவிடும். சின்ன மாமாவுக்குப் பேசியிருந்த ரோசலின் ரீச்சரின் பெற்றோர் வத்தளையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரவிருந்த ஞாயிறன்று, அம்மா தன் தம்பிக்காக அப்படியொரு நீளக்கைச் சட்டையை ‘அயன்’ பண்ணிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு ரோசலினைத் தவிர வேறு பெண் வேண்டாம். ரோசலினின் அப்பாவோ கண்டிப்பானவர்.

மாமா துறைமுகத்தில் மெக்கானிக். பழுதுபார்க்க வந்து நின்ற கப்பலொன்றில் ஐரிஷ் மாலுமி ஒருவன் அவருடைய முன்கையில் ‘பச்சை’ குத்திவிட்டிருந்தான்: மூன்று மூலைகளோடு தன்னைத்தானே சுற்றிப் பின்னும் ஒரே கோடு. அது பழைய கெல்டிக் முடிச்சாம். தொடக்கமும் முடிவும் இல்லாததால் சிலர் அதை அறாத அன்பு என்பார்களாம், வேறு சிலர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்பார்களாம். இரண்டாவது அர்த்தத்தைச் சொன்னால் அம்மா சமாதானமாவார் என்று மாமா நினைத்ததுதான் பிழை.

“திரித்துவத்தைக் கையிலையா குத்துறது? அவையள் உன்னைச் சண்டியன் எண்டுதான் நினைப்பினம். வேர்த்து ஊத்தினாலும் சட்டைக் கையை மடிச்சுப்போடாதே!”

வந்தவர்களுக்குக் கேக் பரிமாறிக்கொண்டிருக்கையில் கரண்ட் நின்றது. மின்விசிறி ஓய்ந்ததும் மாமாவின் சட்டை நனைந்து கையோடு ஒட்ட, வெள்ளைத் துணிக்குள்ளால் கோடுகள் தெரியத் தொடங்கின. நான் முன்னால் போய் நின்று மறைக்கப் பார்த்தேன். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த தந்திரம் அவ்வளவுதான்.

“கொஞ்சம் விலகும் பிள்ளை,” என்றார் ரோசலினின் அப்பா. “என்ன தம்பி கையிலை? ஹார்பர்ச் சண்டியர் குத்துறதல்லோ உது?”

மாமா சட்டைக் கையை மடித்தார். “ஓம் ஐயா, குத்தினதுதான். நான் மறைச்சிருக்கக் கூடாது.”

அப்போது ரோசலினின் அம்மா எழுந்து வந்தார். அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். வந்ததிலிருந்து சேலைத் தலைப்பால் இரு கைகளையும் மூடியபடியே இருந்தவர். மாமாவின் கையைப் பிடித்து, விரலால் அந்தக் கோட்டின் வழியே போனார். புறப்பட்ட இடத்துக்கே விரல் வந்து சேர்ந்தது.

“எங்கயுமே அறுபடல,” என்று சொல்லித் தன் தலைப்பை விலக்கினார். முன்கை முழுவதும், புள்ளிகளைச் சுற்றி வளைந்த பச்சைக் கோலம். “இதும் ஒரே கோடுதான். கோடு அறுந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க அம்மா பக்கத்துல நின்னு பாத்துக் குத்த வச்சாங்க.”

“உதை ஏன் இப்ப காட்டுறீர்?” என்றார் கணவர்.

“இந்தக் கையப் புடிச்சுத்தானே கல்யாணம் கட்டுனீங்க! அப்ப நானும் சண்டியரா?”

முதலில் சிரித்தது மாமா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. “ரெண்டு சண்டியருக்கு நடுவிலை நான் என்னத்தைக் கதைக்க? கல்யாணத்துக்கு நாள் பாப்பம்,” என்றார் அந்தக் கண்டிப்பானவர்.

கல்யாணத்தன்று அந்த அம்மா கட்டைக்கை ரவிக்கையோடு கோயிலின் முன்வரிசையில் இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினார்.

இன்று எங்கள் வீடு நின்ற இடத்தில் அடுக்குமாடி. அந்த அம்மாவும் இல்லை. அவருடைய கோலத்தை எங்களில் ஒருவரும் வரைந்து வைக்கவில்லை. மாமாவின் முடிச்சைப் பார்த்து என் மகள் தன் கையில் பேனாவால் வரைந்துகொண்டு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்களோ என்று நான் முதலில் சவர்க்காரத்தைத்தான் எடுத்தேன். அழிப்பதா விடுவதா என்று தடுமாறி நிற்கையில், ஒரு மூலையில் கோடு சேராமல் நிற்பது கண்ணில் பட்டது. சவர்க்காரத்தை வைத்துவிட்டு, அவளிடமிருந்து பேனாவை வாங்கி, சேர்த்துவிட்டேன்.