கொழுந்தன் வீட்டு ஃபியூஸ் கட்டை

போன வாரம் எங்கள் அஸ்தம்பட்டி ஃபிளாட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன், மெயின் போர்டில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். கரண்ட் திடீரென்று எகிறினால் டிவி, ஃபிரிட்ஜை அது காப்பாற்றுமாம். அவர் கழற்றிப் போட்ட பழைய ஸ்விட்சில் கருகல் வாசனை. எனக்கு மல்லசமுத்திரம் ஞாபகம் வந்தது.

அங்கே பள்ளி வேலையில் சேர்ந்த புதிதில், சரஸ்வதி அக்கா வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். டிவியோடு ஸ்டெபிலைசரும் வாங்கினேன். கண்ணாடியும் சீப்பும் வைக்க அது வசதியாக இருந்ததால் அப்படியே விட்டு, டிவியை நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன். நான் இயற்பியல் டீச்சர் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பக்கத்து வீடு அக்காவின் கொழுந்தனுடையது. கிணற்றுக்குப் போகும் தடத்துக்காக வழக்கு. ஆறு வருடமாகப் பேச்சில்லை.

ஒரு ஞாயிறு மதியம், நல்ல காற்று. என் ஃபேன் தானாக வேகமெடுத்தது. அந்த வெயிலுக்கு அது பாக்கியம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், மெயினை அமத்துங்க. நூட்டல் கம்பி அந்துருச்சாட்ட இருக்குது," என்று அக்கா வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

லைனில் நியூட்ரல் அறுந்தால் வீடுகளுக்குள் கரண்ட் எகிறும். நான் எழுவதற்குள் டிவியிலிருந்து புகை வந்துவிட்டது.

வெளியே வந்தால், அக்கா பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் தம்மம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. கொழுந்தனின் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. ஊசி மருந்து அதில்தான் இருந்தது.

"போனா, ஏன் வந்தீங்கம்பாங்க," என்றார் என்னிடம். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு நடந்தார். அவர்கள் வாசல் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

பொழுது சாயும்போது லைன் சரியானது. ஊர் திரும்பிய கொழுந்தன் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அவர் எங்கள் வாசலுக்கு வந்து, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், எங்கூட்டு ஃபியூஸ் கட்டை இங்கீங்களா?"

அக்காவே கொண்டுவந்து நீட்டினார். "மருந்து சில்லுனு இருக்குதான்னு தொட்டுப் பாருங்க தம்பி."

சற்று நேரத்தில் அவர் மறுபடி வந்தார். "சில்லுனுதான் இருக்குதுங்க அண்ணி."

வழக்கு அதன்பாட்டில் நடந்தது. பேச்சு மட்டும் அன்றிலிருந்து நிற்கவில்லை.

இப்போதைய பல்புகள் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி எரிகின்றன. எங்கள் மீட்டர்களெல்லாம் கீழே ஒரு பூட்டிய அறையில் இருக்கின்றன. எதிர் ஃபிளாட்டில் ஒரு குடும்பம் நான்கு வருடமாக இருக்கிறது. அவர்கள் ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.