ஸ்டெல்லா சுட்ட சோளப் பணியாரம்

இன்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குச் செக்காலையில் மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினோம். கல்லலில் எங்கள் அப்பா தோட்டத்தில் விளைந்த மக்காச்சோளக் கதிரைப் பை நிறைய நான்தான் கொண்டுபோனேன்.

என் மகளுக்கு இரண்டரை வயது. எடை போதாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. போனதும் இரண்டு கதிரை அவித்து, நெய் தடவி ஊட்டினேன். துப்பிவிட்டாள்.

மிச்சக் கதிரைக் கொழுந்தன் மனைவி ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். முத்துக்களை உதிர்த்து அரைத்து, இட்லி மாவில் கலந்து, சின்ன வெங்காயம் தாளித்துப் போட்டுப் பணியாரமாகச் சுட்டாள்.

என் மகள் அவள் மடியில் உட்கார்ந்து ஏழு பணியாரம் தின்றாள். ஏழு!

“புள்ளைக்குப் பசியே எடுக்கலைன்னியேத்தா? எல்லாம் ஊட்டுற கையில இருக்கு” என்றார் மாமியார், வீடு முழுக்கக் கேட்கும்படி.

“அட, நீங்க வேற அத்தை! அக்கா கொண்டாந்த சோளம் அம்புட்டு இனிப்பு” என்றாள் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் திரும்பி, “எப்படிச் செய்யுறதுன்னு எழுதித் தரட்டாக்கா? இனி நீங்களே சுட்டுக் குடுத்துருவீக.”

கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தாலாவது மனசுக்குள் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

பிள்ளை சாப்பிட்டாளே என்று சந்தோஷப்பட்டது பொய்யில்லை. ஆனால் அது மூன்றாவது பணியாரம் வரைதான். நான்காவதிலிருந்து வெறும் வயிற்றெரிச்சல்.

நாளை நான் சுட்டதை அவள் தொடாவிட்டால் என்ன செய்வது? நம் மெயில் குழுவில் யோசனை உள்ளவர்கள் எழுதுங்கள். “ஸ்டெல்லாவையே கூப்பிடு” என்பதைத் தவிர.