மூன்று முறை அச்சில் ஏற்றிய ஷூ

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரம் பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ரத்த அழுத்தம். மாத்திரை தவறியதில்லை, விழுங்கியதும் டைரியில் குறித்துவிடுவேன். அதுவே போதும் என்று இருந்தேன்.

சென்ற ஆண்டு, மாலை நேரங்களில் என் ஷூ கடிக்க ஆரம்பித்தது. தோல் சுருங்கிவிட்டது என்று முடிவு செய்து, கம்பெனியில் ஷூ செய்யும் கால் அச்சில் அதை மாட்டி விரித்தேன். மூன்றாம் முறை மாட்டியபோது பக்கத்து மேசை ரஹீம் பாய் சிரித்தார்.

"இன்னாண்ணே, தோலு சுருங்குதா, இல்ல உன் காலு ஜாஸ்தியாவுதா?"

நானும் சிரித்தேன். வீட்டில் மனைவி, "தண்ணி ஊத்தியும் கக்கூஸ்ல நுரை நிக்குதே" என்றாள். பினாயிலாக இருக்கும் என்றேன்.

முகமும் வீங்கிய பிறகே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது; நுரை அதனால்தான். சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் கெட்டிருந்தன.

"பி.பி. கிட்னியைக் கெடுக்கும். வருஷா வருஷம் யூரின் டெஸ்ட், ரத்தத்துல கிரியேட்டினின் பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு தடவைகூட இல்லைங்க."

"வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே அதுல தெரிஞ்சிருக்கும். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்."

வீட்டில் டைரியைப் புரட்டினேன். எட்டு மாதங்களுக்கு முந்தைய பக்கத்தில், 'ஷூ விரித்தேன். மாத்திரை: சரி' என்று என் கையெழுத்து இருந்தது.

இப்போது உப்பைக் குறைத்துவிட்டேன். டாக்டர் சொன்ன தேதிகளில் பரிசோதனை செய்கிறேன். தினமும் மாலை கணுக்காலை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துக் குறிக்கிறேன். வீக்கம் வடிந்ததில் அந்த ஷூ தொளதொளவென்று கழன்றுவிடுகிறது. அதையேதான் போட்டுக்கொள்கிறேன். அது மறுபடி காலுக்குச் சரியாகப் பொருந்தும் நாளை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.