தண்டவாளத் துண்டில் அடித்த தாளம்

என் பாட்டைக் கேட்டு ஒரு தோட்டமே எழுந்து ஓடியிருக்கிறது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். நீங்களும் பாதியில் எழுந்து ஓடிவிடாதீர்கள்.

அப்போது மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அசாம் ஜாவா சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். போக வர ஒரே ஒரு கேட். காலையில் மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகும்போது, காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று அங்கே சோதனை நடக்கும். மாலை ஆறு மணிக்குக் கேட் மூடினால் விடியும்வரை யாரும் தலைகாட்டக் கூடாது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூட ஒரு தரம், மாலையில் கேட் மூட ஒரு தரம். வேறு எந்த நேரத்தில் அது ஒலித்தாலும் ஆபத்து என்று அர்த்தம். போட்டது போட்டபடி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். அடுப்பில் கறி கருகினாலும் கேள்வி கிடையாது.

இந்தக் கெடுபிடியிலும் மாரியம்மன் திருவிழாக் கச்சேரியை எங்கள் ஆட்கள் விடவில்லை. முன்பு இரவில் நடந்தது பகலுக்கு வந்தது, அவ்வளவுதான். மூன்று நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. முதல் நாள் நாதஸ்வரம். இரண்டாம் நாள் கிள்ளானிலிருந்து வரும் ஆர்மோனியப் பாட்டுக் குழு. மூன்றாம் நாள் தோட்டத்திலேயே பாடத் தெரிந்தவர்கள்.

கச்சேரி கேட்பதைவிட, கேட்டதைப் பற்றிச் சண்டை போடுவதில்தான் எங்களுக்கு ருசி அதிகம். தீர்ப்பு சொல்லும் இடம் ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோர் வாசல். வெட்டு முடிந்து, வாளிகளோடு நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவராக ஆரம்பிப்பார்கள். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு போதவில்லை என்பார் ஒருவர். உன் காதில் ரப்பர் பால் ஊற்றியிருக்கிறதா என்பார் பின்னால் நிற்பவர். அந்த வரிசையில் நல்ல பெயர் வாங்கியவர்களைத்தான் கோயில் கமிட்டி அடுத்த வருடம் கூப்பிடும். இது எழுதாத சட்டம்.

நிறுவைக் கணக்கு எழுதும் கிராணிதான் பெரிய நீதிபதி. சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் சங்கீதம் படித்தவர் மாதிரி கண்ணை மூடத் தெரிந்தவர். தராசைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தையில் ஆளைத் தீர்த்துக்கட்டிவிடுவார்.

அப்போது நான் பத்தொன்பது வயதுப் பெண். மரம் வெட்டும்போது பாடிக்கொண்டே வெட்டுவேன். மூன்றாம் நாள் மேடையில் என்னைப் பாடவைக்க வேண்டும் என்று கமிட்டியிடம் மல்லுக்கட்டியவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. கமிட்டியைக்கூடச் சமாளித்துவிட்டார். அப்பாவைச் சமாளிக்கத்தான் நான்கு நாள் ஆனது.

"சரி, ஏறிப் பாடு," என்றார் அப்பா கடைசியில். "ஆனா ஒரு ஆளு சிரிச்சாலும் இதோட நின்னுக்கணும். அப்புறம் வெட்டுக்காட்டுலகூட உன் பாட்டு எனக்குக் கேக்கக் கூடாது."

சிரிப்பு வந்தால் வாயை மூட வேண்டும். ஒப்பந்தம் அதுதான். எனக்குப் பாட்டைத் தவிர வேறு சொத்து எதுவும் இல்லாத காலம் அது.

மேடையில் நான் எடுத்தது, எங்கள் பெண்கள் கும்மி கொட்டிப் பாடும் அம்மன் பாட்டு. மெதுவாகத் தொடங்கி, அடிக்கு அடி வேகம் கூடும். முதல் இரண்டு அடியில் குரல் நடுங்கியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டேன். பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டே தட்டினார். தூரத்தில் தூணில் சாய்ந்திருந்த அப்பாவின் கால் அசைவதைக்கூடப் பார்த்தேன். பாட்டு உச்சத்துக்கு ஏறி, அம்மன் வாசலுக்கு வரும் அடியைத் தொட்டபோது தண்டவாளம் ஒலித்தது.

மணி மூன்றரைகூட ஆகவில்லை. டாண், டாண் என்று பலமாக விழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, கூட்டம் மொத்தமும் லயங்களைப் பார்த்து ஓடியது. நானும் பாடிய சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினேன். பழக்கம் அப்படி. அரை மணி நேரம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

கேட்டில் நின்ற காவலர் ஒரு மலாய் இளைஞர். தஞ்சோங் காராங் நெல்வயல்காரர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் எங்கள் தமிழையே பேசுவார். ரப்பர் காட்டுக்குள் ஏதோ அசைந்ததைப் பார்த்து அடித்தேன் என்று அவர் சொல்ல, அவருடைய மேலதிகாரி உஷாரான ஆள் என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றைய கச்சேரி அத்தோடு சரி.

மறுநாள் பால் ஸ்டோர் வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் தள்ளி அப்பா.

"நல்லாத்தான் தொடங்குச்சு," என்றார் ஒருவர். "நடுவுல கத்தலாப் போச்சு லா," என்றார் இன்னொருவர். அக்கா விடுவாரா? "உன் வீட்ல நீ பேசுறதுதான் கத்தல்," என்று எகிறினார். கிராணி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுவரைக்கும் எத்தனையோ கச்சேரி கேட்டாச்சு. சனம் தூங்கிப் பாத்திருக்கேன். செருப்ப விட்டுட்டு ஓடிப் பாத்தது இதுதான் முதல் தடவை," என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. என்னை ஆதரித்துப் பேசியவர்களும் சிரித்துவிட்டார்கள். அக்காவின் வாய் ஓரம்கூடக் கொஞ்சம் கோணியது. அப்பா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். போதுமா என்று கேட்கும் பார்வை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஸ்டோர் வாசலில் அன்று காவலுக்கு நின்றது அதே இளைஞர். அவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"அண்ணே, காட்டுல நான் ஒண்ணும் பாக்கல," என்றார். "தங்கச்சி பாடிச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க. எங்க ஊரு கம்பத்துக் கல்யாணத்துல நான் கொம்பாங் மேளம் அடிக்கிறவன். கை சும்மா இருக்கல. கம்பிய வெச்சு மெதுவா தாளம் போட்டேன். பாட்டு வேகமாச்சு, என் கையும் வேகமாச்சு. கூட்டம் ஓடுறதப் பாத்தப்புறம்தான் நான் எதை அடிக்கிறேன்னே தெரிஞ்சுது."

அப்பாதான் முதலில் சுதாரித்தார். "தம்பி, இத ஏன் இங்க வந்து சொல்றீங்க? தனியா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேலைக்கே ஆபத்து."

"அண்ணேகிட்ட மட்டும் சொன்னா போதாது லா. சிரிச்சவங்க எல்லாரும் இங்கதான நிக்கிறாங்க," என்றார் அவர்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார். என்னிடம் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் வெட்டுக்காட்டில் பக்கத்து நிரையிலிருந்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். எனக்கு அது போதும். உளியைப் பிடித்துக்கொண்டே பாடினேன், அழுதுகொண்டேயும்.

ஒரு தோட்டமே கேட்ட பேச்சை எந்த முள்வேலி தடுக்கும்? யாரும் கெட்ட எண்ணத்தோடு போய்ச் சொல்லவில்லை. வாய்க்கு வாய் தாவி அது மேலதிகாரியின் காதுக்கும் போய்விட்டது. வாரம் முடிவதற்குள் அந்த இளைஞரின் சீருடையையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது மரங்களுக்கிடையே இருந்தேன். போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாததற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பிறகு எத்தனையோ கோயில்களில் பாடிவிட்டேன். கோலசிலாங்கூரில் பாடினேன், தஞ்சோங் காராங்கிலும் பாடினேன். மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் பாட்டு நன்றாக இருந்தது என்பதை நிரூபிக்கத் தன் வேலையைக் கொடுத்த ரசிகர் ஒருவர்தான். அவர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த மாலைகளில் ஒன்றுகூட என் கழுத்துக்கு வந்திருக்காது.

அடுத்த வருடத் திருவிழாவில் கமிட்டி என்னையே கூப்பிட்டது. அதே பாட்டைத்தான் பாடினேன். அம்மன் வாசலுக்கு வரும் அந்த அடியைத் தொட்டபோது, கூட்டத்தில் பாதிப்பேர் தங்களை அறியாமல் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். புதிய காவலர் விறைப்பாக நின்றிருந்தார். நான் ஒரு தட்டு நேரம் பாட்டை நிறுத்தி, பிறகு தொடர்ந்தேன்.

மறுநாள் ஸ்டோர் வரிசையில் வழக்கம்போல ரகளை. மறந்துவிட்டாள் என்றார்கள் சிலர். மூச்சு வாங்கினாள் என்றார் அக்கா. கிராணி தராசைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார்: "குரல் பரவால்ல. ஒரு தட்டு விட்டுப்போச்சு."

அவர் சொன்னதிலேயே சரியான விமர்சனம் அதுதான். விட்டுத்தான் போயிருந்தது. அதை அடிக்க வேண்டியவர் தஞ்சோங் காராங்கில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.