தோணியில் ஒரு கப்பலின் பெயர்

என் கணவர் இலங்கைக் கடற்படையில் சிக்னல்காரராக இருந்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்று விளக்கை மினுக்கி மற்றக் கப்பல்களோடு கதைப்பதுதான் அவர் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஓய்வுபெற்றுக் கல்முனைக்கு வந்ததும் எஞ்சின் தோணி ஒன்று வாங்கினார். தான் வேலை செய்த கப்பலின் பெயரை அதன் முன்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதினார். பழைய சிங்கள அரசன் ஒருவனின் பெயர் அது.

மற்றத் தோணிகளில் பிள்ளைகளின் பெயர்கள்தான் இருக்கும். எங்களுடையதைப் பார்த்து ஊர் சிரித்தது. இவர் தோணியில் கால் வைக்கும் முன் விறைப்பாக நின்று சல்யூட் வேறு அடிப்பார். கப்பலில் ஏறும் எல்லோரும் அப்படிச் செய்வதுதான் முறையாம். பள்ளிவாசலில் ஒருவர், "தோணிக்கி சுஜூது செய்றீங்களாமே?" என்று, தொழுகையில் நெற்றி நிலம்பட விழுவதைச் சொல்லிக் குத்தலாகக் கேட்டார்.

"தல குனியல்லையே. நிமிந்துதானே நிக்கன்" என்றார் இவர்.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கடலில் கடற்படையின் ரோந்துப் படகுகள், கரையில் துவக்கு ஏந்திய இயக்கப் பொடியன்கள். ஒருநாள் என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், வெள்ளைப் பெயின்ற் டின்னோடு வந்தார்.

"மச்சான், பேர அழிங்க. பொடியன்களுக்கு இது நேவிப் பேரு, நேவிக்கி இது நக்கல். ரெண்டு பக்கத்தாலயும் வெடி வரும்."

இவர் பிரஷை வாங்கி டின்னில் தோய்த்தார். புயலிலும் விளக்கை விடாமல் பிடித்த கை அது. எனக்குக் கோபம் பொங்கியது. டின்னைப் பறித்தேன்.

"காக்கா, இவரு கள்ளம் செஞ்சா அந்தப் பேர எடுத்தவரு? இளமையெல்லாம் அந்தக் கப்பலுக்குத்தானே குடுத்தாரு. அழிக்க மாட்டம்."

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"ஓம், பைத்தியம்தான்."

சில வாரங்களில் ரோந்துக்காரர்கள் கரையிறங்கித் தோணிகளைச் சோதித்தார்கள். பெண்கள் மீன் வாடிக் குடிசையின் வாசலில் நின்றோம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் எங்கள் தோணியின் பெயரை உரத்துப் படித்தான். இளம் அதிகாரி ஒருவர் சிங்களத்தில் அதட்டினார். இவர் முன்னால் போய் விறைத்து நின்று, தன் பழைய இலக்கத்தையும் கப்பலின் பெயரையும் சொன்னார். எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.

அதிகாரி மீன்பிடிப் பாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"என்னவாம்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"அந்தக் கப்பல் இப்ப இல்லயாம். பேர அழிச்சிட்டு வந்து பாஸ எடுக்கட்டாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அழிக்க ஏலா எண்டு சொல்லிட்டன்."

அன்றைக்கு அவர் பிரஷைத் தொடவில்லை.

மாரி முடியும்வரை தோணி மணலில் கிடந்தது. அவர் மாவடிப்பள்ளி வயல்களில் அறுவடைக்குப் போனார். நான் இடியப்பம் அவித்து விற்றேன். அழித்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு இடியப்பம் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. பிறகு வேறொரு அதிகாரி வந்தார். பாஸ் திரும்பக் கிடைத்தது. பெயரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே பதில்தான்.

தோணி இறக்கிய அன்று ஆள் போதவில்லை. முக்காட்டை இறுக்கிக்கொண்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். பொம்பிளைகள் தோணி தள்ளுவதில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தள்ளினேன்.