பங்களாவுக்கு வந்த தாய்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடங்கள் ஆன பிறகும் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார்தான் இருந்தார்கள். எங்கள் துரை பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். சின்ன வயதிலிருந்தே பங்களாக்களில் வேலை செய்ததால் இங்கிலீஷ் பேசினால் எனக்கு விளங்கும்.

முன்னறையில் ஒரு படம் இருந்தது. போர் டாங்கியின் மேல்திறப்பிலிருந்து இடுப்பளவு எழுந்து நின்று சிரிக்கும் ஓர் இளைஞர். ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "எங்க டாங்கிக்கு அவர்தான் தலைவர். நான் ஓட்டினேன். பாலைவனச் சண்டையில செத்துப்போனார்" என்றார் துரை.

பிறகு அந்த இளைஞரின் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகளிடம் கப்பலில் போகிறவர், கொழும்பில் இறங்கி எங்கள் தோட்டத்துக்கும் வந்துவிட்டுப் போவாராம். அவர் வரும் நாள் காலையில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் துரை போகவில்லை. சாப்பிடவுமில்லை.

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து காரில் வந்து இறங்கினார் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு. படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடாததால் நானும் அங்கேயே நின்றேன். அவர்கள் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"டாங்கி எரிஞ்சதுன்னு சொன்னாங்க. என் மகன் உள்ளே எரிஞ்சா செத்தான்?"

"இல்லைங்கம்மா. மேலே தலைய நீட்டி வழி பார்த்துக்கிட்டிருந்தார். குண்டு பட்டதும் உயிர் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் தீப்பிடிச்சது." துரை படத்தைப் பார்த்தார். "அவரை வெளியே எடுக்க முடியலைங்க. விட்டுட்டு ஓடிட்டேன்."

அந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மயங்கிவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"இத்தனை வருஷமா அவன் கத்துறது எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார் மெதுவாக. "நீ ஓடினது நல்லது தம்பி. நீயும் செத்திருந்தா இதை யாரு எனக்குச் சொல்லியிருப்பா?"

துரை குழந்தை போல அழுதார். அந்த அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். துரைக்கு ஏதோ நினைவு வந்து, பாலைவனத்தில் பெட்ரோல் தகரத்தில், காற்றில் விழுந்த மணலும் தேயிலையுமாகக் கொதிக்கவைத்து அந்த அம்மாவின் மகன் போட்ட தேநீரைப் பற்றிச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னால் விடமாட்டாராம். எல்லாரும் ரெண்டாவது கோப்பையும் குடித்தாக வேண்டுமாம்.

"அவனா? வீட்டில தேநீரைத் தொடவே மாட்டானே!" அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு அடங்கவேயில்லை. துரைக்கும் அது தொற்றிக்கொண்டது.

சத்தம் கேட்டுச் சமையல்காரர் எட்டிப்பார்த்தார். காலையிலிருந்து ஒப்பாரியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

"என்ன புள்ள நடக்குது அங்க?"

"சோறு எடுத்து வைங்கண்ணே. ரெண்டு பேருக்கும் பசிக்குதாம்."