பத்தொன்பதாவது ஆணி

துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் லாட்ஜில் பதினெட்டு அறைகள். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் பதினெட்டு ஆணிகள். வெளியே போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆணியில் சாவி தொங்கினால் ஆள் வெளியே. ஆணி காலியென்றால் ஆள் உள்ளே. அதைப் பார்த்துத்தான் நான் அறை கூட்டப் போவேன். பலகையைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் சாவியக்கா என்போம்.

கப்பல்காரர்கள் சாவியை ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். 'க்ளே' என்பார் ஒருவர், 'கியாவே' என்பார் இன்னொருவர். அக்கா முழிக்கவே மாட்டாள். ஒருமுறை மட்டும் ஏமாந்தாள். ஒருவர் 'யாவே, யாவே' என்று கையைத் திருகிக் காட்ட, சாவியை நீட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். போய்ப் பார்த்தால் குழாய் மூட முடியாமல் அறையெல்லாம் தண்ணீர். அவர் ஊரில் குழாய்க்கும் அதே சொல்லாம். துடைத்தது நான்.

லாட்ஜில் தங்கியிருந்த மொழி வாத்தியார் ஒருவர், இதெல்லாம் லத்தீனில் 'கிளாவிஸ்' என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை என்றார். நம் சாவியும் அதிலிருந்துதான், போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததாம்.

"அட, எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா சார்? ஊர் ஊராப் போயி மூஞ்சியே மாறிப்போச்சே!" என்று அக்கா சிரித்தாள்.

அவளுக்கும் ஒரே பிள்ளை. வெளிநாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவன். புறப்பட்ட அன்று வீட்டுச் சாவி ஒன்றை அவன் பையில் போட்டு, "எப்ப வந்தாலும் தட்டாத, தொறந்துக்கிட்டு வா" என்றாளாம். அதற்கப்புறம் ஒன்பது வருஷம். அவன் நாடு மாறும்போதெல்லாம் போனில், "அங்க சாவிக்கு என்னடா பேரு?" என்பாள். எப்போது வருவாய் என்று கேட்க மாட்டாள்.

வீட்டுப் பூட்டு துருப்பிடித்து மக்கர் பண்ணியது. "மாத்திடலாமேக்கா" என்றேன்.

"அவன்கிட்ட இருக்கிற சாவி சேராதேடி" என்றாள்.

போன மாதம் லாட்ஜ் விலாசத்துக்கு அவனிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே அந்த வீட்டுச் சாவியும் ஒரு சீட்டும். கண்ணாடி இல்லையென்று சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'அம்மா, இங்கேயே வீடு வாங்கிட்டேன். இந்தச் சாவி சும்மா கிடக்கு. நம்ம வாடகை வீட்டு ஓனர் கேட்டா குடுத்துடு.'

"மீதியப் படி."

"அவ்வளவுதான்க்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேசினான். "கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது ராஜா" என்றாள். அங்கே சாவிக்கு என்ன பேர் என்று கேட்கவில்லை.

மறுநாள் பலகையின் அடியில் ஓர் ஆணி அடித்து, அந்தச் சாவியைத் தொங்கவிட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டு, "நம்பரே இல்லையே, இது எந்த ரூம்?" என்றார்.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "ஆள் வெளிய போயிருக்காரு சார்."